இதை மாட்டுனது யாரு?

நான் படித்தது மெக்கானிக்கல் என்ஜினியரிங். பார்ப்பது சாப்ட்வேர் வேலை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறையே உட்கார்ந்திருப்பதால் மேலே விளக்க வேண்டியதில்லை. ஆனால் என் சித்தப்பாவுக்கு நான் இன்னமும் 'என்ஜினியர்'. திண்டுக்கல்லில் அவர் ஒரு சின்ன மெஸ் நடத்துகிறார். கிரைண்டர் நின்றால், தண்ணி மோட்டார் ஓடாவிட்டால், பில் மிஷின் பேப்பரைக் கடித்துத் துப்பினால் எனக்குத்தான் போன் வரும்.

கொரோனா காலத்தில் பெங்களூர் அறையைக் காலி செய்துவிட்டு ஊரிலிருந்து வேலை பார்த்தேன். 2021இல் ஊரடங்கு தளர்ந்து மெஸ்ஸை மறுபடி திறந்தபோது, மூன்றாவது அடுப்புக்குப் போகும் டியூப் வெடித்துக் கிடந்தது. வழக்கமாக வரும் கேஸ் பிட்டர் இரண்டு நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார். நான் ஒரு வீடியோ பார்த்தேன். புது டியூப் வாங்கினேன். நட்டின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, ஸ்பேனர் போட்டு, கை வலிக்கும் மட்டும் இறுக்கினேன். அடுப்பு எரிந்தது. சித்தப்பா பெருமையாக ஒரு காபி கொடுத்தார்.

பத்து நாள் இருக்கும். மதியச் சாப்பாடு முடிந்து இரவு வேலை தொடங்காத நாலு மணி. பின்வாசல் வழியாக உள்ளே போனதும் கேஸ் வாடை மூக்கில் ஏறியது. "வாடை அடிக்குதே மாஸ்டர்?" என்றேன். பரோட்டா மாவைப் பிசைந்துகொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "ஒண்ணும் இல்லையே தம்பி" என்றார். சித்தப்பாவும் இல்லை என்றார். காலையிலிருந்து அங்கேயே நின்ற இருவருக்கும் அது தெரியவில்லை. வெளியே இருந்து வந்தவனுக்கு மட்டும் தெரிந்தது. சிலிண்டர்களை மூடி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு பிட்டரைக் கூப்பிட்டோம்.

அவர் வந்து ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட்டைக் குவளைத் தண்ணீரில் கரைத்தார். எல்லா வால்வும் மூடித்தான் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு, லைனில் கேஸைத் திறந்துவிட்டு, முகச்சவர பிரஷ்ஷால் ஒவ்வொரு ஜாயிண்ட்டாக நுரையைப் பூசினார். மூன்றாவது அடுப்பிடம் வந்ததும் நுரைக்குள்ளிருந்து கோலிக்குண்டு அளவில் ஒரு குமிழ் மெல்ல ஊதி எழுந்து உடைந்தது. அடுத்தது எழுந்தது.

"இதை மாட்டுனது யாரு?" என்றார்.

யாரும் பேசவில்லை. சித்தப்பா என்னைப் பார்க்காமல், "யாரோ பையன் மாட்டுனான்" என்றார். எல்லார் கண்ணும் எடுபிடி வேலை பார்க்கிற பையன் பக்கம் திரும்பியது. மாஸ்டர் அவனை நாலு திட்டு திட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் நின்றேன்.

அந்தக் கேள்வி எனக்குள்ளேயே கிடந்தது. அதைப் பின்தொடர்ந்து படிக்க ஆரம்பித்தபோதுதான், கேஸ் அடுப்பின் வரலாற்றில் பெரிய பகுதி இந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்க மனிதர்கள் பட்ட பாடு என்று தெரிந்தது.

*

கேஸ் முதலில் வந்தது விளக்குக்காக. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ரெட்ரூத் ஊரில் வில்லியம் முர்டாக் என்ற பொறியாளர் 1792இல் நிலக்கரியைக் காய்ச்சி, அதிலிருந்து வந்த வாயுவால் தன் வீட்டில் விளக்கேற்றினார். 1812இல் லண்டனில் கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது. 1813இன் கடைசி நாள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கேஸ் விளக்குகள் எரிந்தன. குழாய்கள் தெருவுக்கடியில் ஓடின, அப்புறம் வீடுகளுக்குள் ஏறின.

சமையலுக்கு அது வரத் தாமதமானது. நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷார்ப் 1826இல் கேஸ் அடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் கேஸில் சமைத்தால் சாப்பாட்டில் அந்த வாடை ஏறும், விஷமாகும் என்று ஜனங்கள் பயந்தார்கள். தெருவிளக்கில் எரியும் சமாச்சாரத்தில் கறி சுடுவதா என்ற அருவருப்பு.

அந்தப் பயத்தை உடைத்ததில் ஓர் ஓட்டல் மாஸ்டருக்குப் பங்குண்டு. அலெக்சி சுவாயே. பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்தவர். பால் மால் தெருவில் ரிஃபார்ம் கிளப்பின் புதுக் கட்டிடம் 1841இல் திறந்தபோது அதன் சமையலறையை வடிவமைப்பதில் முன்னால் நின்றவர். அங்கே கேஸ் அடுப்புகள் இருந்தன. கரி அடுப்பு ஒருமுறை பற்றினால் நாள் முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கும், பக்கத்தில் நிற்பவர் வெந்துபோவார். கேஸ் அடுப்பில் திருகைத் திருப்பினால் தீ ஏறும், திருப்பினால் இறங்கும், வேலை முடிந்தால் அணையும். அந்தச் சமையலறையைச் சுற்றிப் பார்க்கவே ஊரிலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். இன்றைக்கு எந்த ஓட்டல் கிச்சனுக்குள் நுழைந்தாலும் நாம் பார்ப்பது, வரிசையாக நிற்கும் திருகுகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தீயும், அந்தக் கிச்சனின் பேரப்பிள்ளையைத்தான்.

அந்தக் காலத்து நிலக்கரி வாயுவில் பாதிக்கு ஹைட்ரஜன், கொஞ்சம் மீத்தேன், அதோடு கார்பன் மோனாக்சைடு. கசிந்தால் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் சுவாசித்தவரைக் கொல்லும். ஆனால் ஒரு நல்ல குணம் இருந்தது, நாறும். கந்தகச் சேர்மங்களும் தாரும் கலந்த வாடை. யாரும் திட்டமிட்டுச் சேர்த்ததல்ல. நிலக்கரியோடு கூடப் பிறந்தது. ஆகவே கசிவை மூக்கு கண்டுபிடிக்கும். எந்த ஜாயிண்ட் என்று கண்டுபிடிக்க? மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு குழாய் நெடுகத் தேடுவார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் மெழுகுவத்தியோடு கசிவைத் தேடிப்போய் வீட்டின் முன்சுவரோடு தெருவுக்கு வந்தவர்களின் செய்தி அலுக்காமல் வந்துகொண்டிருந்தது.

சிரிக்க வேண்டாம். எங்கள் மாஸ்டரும் ஷாம்பூ தண்ணீருக்கு முன்னால் தீக்குச்சியைத்தான் எடுத்தார். சித்தப்பா பறித்துவிட்டார்.

*

நிலக்கரி வாயுவுக்கு வாடை இருந்தது. பூமியிலிருந்து நேராக வரும் இயற்கை எரிவாயுவுக்கு அது கிடையாது. நிறமும் இல்லை. இதை உலகம் கற்றுக்கொண்ட இடம் ஒரு பள்ளிக்கூடம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிழக்கே நியூ லண்டன் என்றொரு சின்ன ஊர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நாடே வாடிக்கொண்டிருந்தபோது அந்தப் பகுதியில் எண்ணெய் பீறிட்டது. வரிப்பணம் கொட்டியது. கிராமப்புறத்தில் யாரும் கண்டிராத அளவுக்குப் பெரிய பள்ளி எழுந்தது. கட்டிடக்கலைஞர் போட்ட திட்டத்தில் ஒரே பாய்லர் வைத்துச் சூடாக்கும் ஏற்பாடு இருந்தது. நிர்வாகம் அதை மாற்றி, கட்டிடம் முழுக்கத் தனித்தனியாக 72 கேஸ் ஹீட்டர்களை வைத்தது. எழுபத்திரண்டு ஹீட்டர் என்றால் எத்தனை ஜாயிண்ட் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தனை பணம் இருந்தும் 1937 தொடக்கத்தில் நிர்வாகம் சிக்கனம் பிடித்தது. காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த கேஸை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த எண்ணெய்க் கம்பெனியின் கழிவு வாயுக் குழாயில் இணைப்புப் போட்டுக்கொண்டது. எண்ணெய் எடுக்கும்போது கூடவே வரும் வாயு அது. கம்பெனிகள் அதை வெறுமனே எரித்துவிடும். வீடுகளும் தேவாலயங்களும்கூட அதில் கொக்கி போடுவது அந்த வட்டாரத்தில் சகஜம். கம்பெனிகளும் கண்டும் காணாமல் இருந்தன. நம்மூரில் மின்கம்பத்தில் கொக்கி போடுவது மாதிரி.

அந்த வாயு தரைக்கடியில் இருந்த காலி இடத்தில் கசிந்து நிறைந்தது. வாடை இல்லை. பிள்ளைகள் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 18, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றேகால் வாக்கில், பள்ளி விடச் சற்று நேரமே இருந்தபோது, தொழிற்பயிற்சி ஆசிரியர் மரம் தேய்க்கும் மிஷினின் சுவிட்சைப் போட்டார். ஒரு பொறி. கட்டிடம் மேலே எழும்பி விழுந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பள்ளிக் கண்காணிப்பாளரின் மகனும் அதில் ஒருவன். இடிபாடுகளில் கிடைத்த ஒரு கரும்பலகையில், எண்ணெயும் எரிவாயுவும்தான் கிழக்கு டெக்சாஸின் பெரும் வரம், அவை இல்லாவிட்டால் இந்தப் பள்ளியே இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தது.

விசாரணை நடந்தது. வழக்குகள் நடந்தன. பள்ளி நிர்வாகிகள் யாரும் சட்டப்படி பொறுப்பாளியாக்கப்படவில்லை. வழக்கமாக நடப்பதுதானே என்று எல்லாரும் செய்ததில் குற்றவாளி என்று தனியாக ஒருவரைப் பிடிக்க முடியாது. இதை மாட்டுனது யாரு? ஊரே மாட்டியது.

ஆனால் அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு காரியங்களைச் செய்தது. ஒன்று உலகத்துக்கே தெரியும். விற்கும் எரிவாயுவில் நாற்றத்தைச் சேர்க்க வேண்டும் என்ற சட்டம். மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்ம வகை அதற்குப் பயன்பட்டது. பிற மாநிலங்களும் நாடுகளும் பின்பற்றின. நம் சிலிண்டரைத் திறந்ததும் அடிக்கும் அழுகின முட்டைக்கோஸ் வாடை கேஸுடையது அல்ல. மனிதர்கள் சேர்த்தது. நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மூக்கு பிடித்துவிடும். பிணவாடையில் இருக்கும் சேர்மமும் இந்தக் குடும்பம்தான். 1930களில் கலிபோர்னியாவின் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில், குழாய் கசிந்த இடங்களுக்கு மேலே கழுகுகள் வட்டமிடுவதைக் கண்டு ஆட்கள் கசிவைப் பிடித்தார்கள்.

இரண்டாவது சட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப் படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. டெக்சாஸில் பொறியியல் தொழில் செய்ய உரிமம் வேண்டும் என்ற சட்டம் அந்த விபத்தின் உந்துதலில்தான் 1937இல் வந்தது. பொதுமக்கள் உயிரோடு சம்பந்தப்பட்ட வேலையை யார் செய்தார், யார் கையெழுத்துப் போட்டார் என்று தெரிய வேண்டும். உரிமம் இல்லாதவர் 'என்ஜினியர்' என்று சொல்லிக்கொண்டு பொதுமக்களுக்குச் சேவை விற்க முடியாது. அந்தச் சொல்லுக்கு விலை கொடுத்தவர்கள் 300 பேர். நான் அதை என் ஈமெயில் கையொப்பத்தில் சும்மா போட்டு வைத்திருந்தேன்.

*

நாற்றம், கேஸ் கசிகிறது என்று சொல்லும். யார் மாட்டியது என்று சொல்லாது. தூங்குபவரிடம் எதுவுமே சொல்லாது.

நியூ லண்டனுக்கு முப்பத்தோரு வருடம் கழித்து, அசல் லண்டனின் கிழக்குப் பக்கம். ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு. ஜனங்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16, விடிகாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்பு, 18ஆம் மாடியில் குடியிருந்த ஒரு பெண்மணி டீ போட எழுந்து தீக்குச்சியைக் கிழித்தார். இரவெல்லாம் கசிந்திருந்த கேஸ் வெடித்து வெளிச்சுவரைத் தள்ளியது. மேல் மாடிகளைத் தாங்கியதே அந்தச் சுவர்தான். மேலே இருந்த மூலை வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, அந்தப் பாரம் விழுந்து கீழே இருந்தவையும் சரிந்தன. ஒரு மூலை முழுக்கச் சீட்டுக்கட்டு மாதிரி இறங்கியது. 4 பேர் இறந்தார்கள். 17 பேர் காயம்பட்டார்கள். அந்தப் பெண்மணி பிழைத்தார். அவருடைய அடுப்பும் பிழைத்தது. புது வீட்டுக்கு அதையே எடுத்துப்போனார்.

சிவில் படித்த நண்பர்கள் இந்த விபத்தைத் தொடர்சரிவுக்கு உதாரணமாகப் படித்திருப்பார்கள். கட்டிட விதிகளே அதனால் மாறின. ஆனால் விசாரணைக் குழு சரிவின் தொடக்கத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்த இடம் ஒரு பித்தளை நட்டு. அடுப்பை கேஸ் குழாயோடு இணைத்த நட்டு. அதன் விளிம்பு இருக்க வேண்டிய தடிமனைவிட மெல்லிசாக இருந்தது. அது உடைந்துபோயிருந்தது. 22 மாடிக் கட்டிடத்தின் ஒரு மூலை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்த விபத்தையொட்டி 1970இல் பிரிட்டனில் கேஸ் பிட்டர்களுக்கான பதிவேடு தொடங்கியது. பெயர் கோர்கி. முதலில் விருப்பமுள்ளவர்கள் சேர்ந்தால் போதும் என்றிருந்தது, 1991இல் கட்டாயமானது. 2009இல் கேஸ் சேஃப் என்ற பெயரில் புதுப் பதிவேடு வந்தது. பதிவு செய்த ஒவ்வொருவர் கையிலும் போட்டோ ஒட்டிய அட்டை இருக்கும். முன்பக்கம் ஆளும் எண்ணும். பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அவர் எந்தெந்த வேலையைத் தொடலாம் என்ற பட்டியல் அங்கே இருக்கும். வீட்டு பாய்லர் மாட்டத் தேர்ச்சி பெற்றவர் ஓட்டல் அடுப்பைத் தொடக் கூடாது. ஓட்டல் கிச்சன் வேலைக்குத் தனித் தகுதி வேண்டும்.

ஏன் தனி? வீட்டில் ஓர் அடுப்பு அரை மணி நேரம் எரியும். ஓட்டலில் ஏழெட்டு அடுப்பு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரியும். எரிவதற்குக் காற்று வேண்டும். அது போதாவிட்டால் நீலத் தீ மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை கிடையாது, யாரும் சேர்ப்பதும் கிடையாது. ஆகவே பிரிட்டனில் ஓட்டல் கிச்சன்களின் தர விதி ஒரு பூட்டு வைக்கச் சொல்கிறது. புகைபோக்கி மின்விசிறி ஓடினால்தான் கேஸ் வால்வு திறக்கும், விசிறி நின்றால் கேஸும் நிற்கும்.

இதைவிட அழகானது அடுப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு சின்னக் கம்பி. இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து அந்தச் சந்திப்பைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1821இல் சீபெக் கண்ட விளைவு அதில் வேலை செய்கிறது. கம்பியின் நுனி தீயில் நனைந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டில் சில மில்லிவோல்ட் மின்சாரம் வரும். அது ஒரு குட்டி மின்காந்தத்தைப் பிடித்து வைக்கும், காந்தம் வால்வைத் திறந்து வைக்கும். பொங்கி வழிந்தோ காற்றடித்தோ தீ அணைந்தால் கம்பி ஆறும், காந்தம் விடும், வால்வு தானே மூடும். பேட்டரி வேண்டாம், சென்சார் வேண்டாம். 'எல்லாம் சரி' என்ற தகவல் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் மட்டுமே திறந்திரு, தகவல் நின்றால் மூடு. நாங்கள் சர்வர்களுக்கு ஹார்ட்பீட் என்று பெயர் வைத்து எழுதும் புரோகிராமும் இதே யோசனைதான்.

எங்கள் மெஸ்ஸின் ஹை பிரஷர் அடுப்புகளில் அந்தக் கம்பி இல்லை. சோறு பொங்கித் தீ அணைந்தால் மூடுவது மாஸ்டரின் கைதான்.

*

இந்தியாவுக்கு சிலிண்டர் கேஸ் 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் வழியாக வந்தது. இண்டேனின் முதல் இணைப்பு 1965இல் கல்கத்தாவில். இன்று வீட்டுக்கு 14.2 கிலோ, ஓட்டலுக்கு 19 கிலோ. உள்ளே இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும், அழுத்தத்தில் திரவமாக. அது ஒரு லிட்டர் கசிந்தால் 250 லிட்டர் வாயுவாக விரியும். லண்டன் கேஸும் டெக்சாஸ் கேஸும் காற்றைவிட லேசானவை, மேலே ஏறும். நம்முடையது காற்றைப்போல் ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு கனம். தண்ணீர்போலத் தரையில் தவழ்ந்து பள்ளம் தேடும். ஓட்டல் கிச்சனில் பள்ளம் என்றால் கழிவுநீர்ச் சாக்கடை. அதனால்தான் சிலிண்டரைச் சாக்கடை வாய்க்குப் பக்கத்திலோ, தரைக்குக் கீழே உள்ள அறையிலோ வைக்கக் கூடாது.

காற்றில் இரண்டு சதவீதத்திலிருந்து ஒன்பது பத்து சதவீதம் வரை கலந்தால் அது பற்றும். இரண்டை எட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே மூக்குக்குத் தெரிகிற மாதிரி மெர்காப்டன் கலக்கிறார்கள். ஆனால் மூக்குக்கு ஒரு பழக்கம், மாறாத வாடையைக் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். மெல்லக் கசிந்தால் உள்ளேயே நிற்பவருக்கு அது கடைசிவரை தெரியாமலே போகலாம். 1937இன் பாடத்திலிருந்து செய்த எச்சரிக்கை மணி, கிச்சனில் நாள் முழுக்க நிற்கும் மாஸ்டருக்குத்தான் கேட்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் 100 கிலோவுக்கு மேல் கேஸ் வைக்க உரிமம் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. எத்தனையோ மெஸ்களில் சரியாக ஐந்து சிலிண்டர் நிற்பது தற்செயல் இல்லை. வணிக நிறுவனங்களில் சிலிண்டர் இணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தரக் கழகத்தின் விதிநூலும் உண்டு. கசிவைச் சொல்ல 1906 என்ற எண் இருக்கிறது. ஆனால் ஒரு சாயங்காலம் டியூப் வெடித்து, மறுநாள் காலை இட்லி போட வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் மெஸ்ஸில் இதெல்லாம் யார் கையில் இறங்குகிறது? வீடியோ பார்த்த மருமகப்பிள்ளை கையில், அண்ணன் மகன் கையில்.

*

அன்று பிட்டர் அண்ணன் டேப்பை எல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார். "இது மரைல அடைக்கிற ஜாயிண்ட் இல்ல. உள்ள கூம்பு இருக்கு. அது போய் உட்கார்ந்தாத்தான் அடைக்கும். டேப்பைச் சுத்துனா நட்டு முழுசா ஏறாது. எம்புட்டு இறுக்குனாலும் இறுக்குன மாதிரிதான் தெரியும்." புது நட்டு மாட்டினார், நுரை பூசினார், குமிழ் இல்லை. மிச்ச ஜாயிண்டுகளையும் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

எங்கள் தொழிலில் கிட் பிளேம் என்றொரு கட்டளை உண்டு. புரோகிராமின் எந்த வரியை யார், என்றைக்கு எழுதினார்கள் என்று காட்டும். பெயரில் பழி இருந்தாலும் அதைத் திட்டுவதற்காகப் பயன்படுத்துவதில்லை. ஒரு வரி தப்பாக இருந்தால், அதே ஆள் அதே நாளில் வேறு எங்கே கை வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்குத்தான் பெரும்பாலும் தேடுவோம். இரவு பத்தரை மணிக்கு லேப்டாப்பில் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேட்டதும் அதற்குத்தான். திட்டுவதற்கு அல்ல.

அன்றைக்கு நான் மாட்டியது ஒரு ஜாயிண்ட் அல்ல. தோசைக்கல் அடுப்பிலும் அதே டேப், அதே இறுக்கு. நுரை பூசியபோது குமிழ் வரவில்லை. இன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

போன் செய்தேன். "அண்ணே, அது நான் மாட்டினது. இன்னொண்ணும் இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரியும் தம்பி" என்றார். "அந்தப் பையன்கிட்ட ஸ்பேனரு ஏது? டேப்பு பதினஞ்சு சுத்துக்கு மேல இருந்துச்சு. படிச்சவங்கதான் அப்படிச் சுத்துவாங்க." பிறகு, "இன்னொண்ணு இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்குத் தெரியாது. தோசை அடுப்பு வால்வை மூடச் சொல்லுங்க. யாரும் பத்த வைக்க வேணாம். காலைல வர்றேன்" என்றார்.

விடிவதற்கு முன்னால் அஞ்சரைக்கு வந்தார். நட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கூம்பு உட்கார வேண்டிய இடத்தில் பளபளப்பே ஏறியிருக்கவில்லை. ஒருநாள்கூட அது சரியாக உட்கார்ந்ததில்லை.

பையன் ஆறு மணிக்கு வந்தான். எல்லார் முன்னாலும் சொன்னேன். மாஸ்டர் மாவிலிருந்து கையை எடுக்காமல், "அப்பவே சொல்லிருக்கலாம்ல தம்பி" என்றார். பையன், "பரவாயில்லண்ணே" என்றான். அவனுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்காது. அவன் வேறென்ன சொல்ல முடியும்?

இப்போது மெஸ்ஸின் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு தொங்குகிறது. தேதி, எந்த ஜாயிண்ட், என்ன வேலை, செய்தவர் கையெழுத்து. பிட்டர் அண்ணன் ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போடுகிறார். டியூப் மாற்றிய தேதியை வெள்ளைப் பெயிண்ட்டில் குழாய் மேலும் எழுதுகிறார். மாதம் ஒருமுறை ஷாம்பூ நுரை பூசுவது பையனின் வேலை. அவனும் கையெழுத்துப் போடுகிறான்.

நோட்டின் முதல் வரி என்னுடையது. மூன்றாம் அடுப்பு, தோசை அடுப்பு, டியூப், தப்பாக மாட்டியது. கீழே என் பெயர் மட்டும். பட்டத்தை எழுதவில்லை.